ரேம் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று சர்வீஸ் கடையில் சொன்னால், "ரேம் போட்டுடலாம் சார்" என்பதுதான் பெரும்பாலும் முதலில் வரும் பதில். பல நேரம் அது சரியான பதில்தான். சில நேரம் ரேம் போட்ட பிறகும் மெஷின் இழுத்துக்கொண்டே கிடக்கும். குறை வேறெங்கோ இருந்திருக்கும். அது எங்கே என்பதைக் கடைக்குப் போகும் முன்பே, காசு செலவில்லாமல், நாமே பார்த்துவிடலாம். கையில் இருப்பது சிறிய தொகை என்றால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

முதலில், ரேம் என்ன செய்கிறது? நம் படங்கள், கடிதங்கள், புரோகிராம்கள் எல்லாம் ஹார்ட் டிஸ்க்கிலோ எஸ்.எஸ்.டி.யிலோ நிரந்தரமாக இருக்கின்றன. அவற்றில் இப்போது திறந்து வேலை நடப்பவை மட்டும் ரேமுக்கு வருகின்றன. சமையலறை மேடைக்கும் பரணுக்கும் உள்ள உறவு இது. மேடை சிறிதாக இருந்தால் ஒரு பாத்திரத்தை இறக்குவதற்கு இன்னொன்றைப் பரணில் ஏற்ற வேண்டியிருக்கும். சமையலைவிட ஏணியில் ஏறி இறங்குவதற்கே நேரம் போய்விடும்.

ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு 1968-இல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றைய ரேமுக்கும் அடிப்படை. ஒரு பிட் தகவலுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர். அந்தச் சின்னஞ்சிறு கெப்பாசிட்டரில் ஏற்றிய மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், வழக்கமாக 64 மில்லி விநாடிக்குள் ஒருமுறை அதைப் புதுப்பித்தாக வேண்டும். கரண்ட் போனதும் சேமிக்காத வேலை காணாமல் போவதன் காரணமும் இதுவே.

ரேம் நிரம்பிவிட்டால் கம்ப்யூட்டர் நின்றுவிடாது. பயன்படுத்தாமல் கிடக்கும் பகுதிகளை டிஸ்க்கில் ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் அதற்குப் பேஜ் ஃபைல் என்று பெயர். சிக்கல் வேகத்தில் இருக்கிறது. ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோ விநாடி ஆகும் என்றால், சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் அதைத் தேடி எடுக்க 10 மில்லி விநாடி வரை ஆகும். ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம். இரண்டு பிரவுசர் டேப்களுக்கு இடையே மாறும்போது மவுஸ் அம்பு உறைந்துபோய், கேபினட்டுக்குள் கரகரவென்று சத்தம் கேட்கிறதே, அப்போது நடப்பது இதுதான். எஸ்.எஸ்.டி. இருந்தால் இந்தத் தவிப்பு மிகவும் குறையும். ஆனாலும் ரேமின் வேகம் அதற்கு வராது.

குறை எங்கே?

வழக்கமாக ஒரே நேரத்தில் திறந்து வைக்கும் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். பிரவுசரில் பத்து டேப், வேர்டு, பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு, எதுவானாலும். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரியைப் பாருங்கள்.

அங்கே தெரியும் சதவீதத்தைக் கண்டு உடனே பயப்பட வேண்டாம்.   அறுபது, எழுபது சதவீதம் என்பது நோயல்ல. 90-ஐத் தாண்டி அங்கேயே நின்றால், கீழே 'கமிட்டட்' என்று போட்டிருக்கும் இரண்டு எண்களையும் பாருங்கள். முதல் எண், இயங்கும் புரோகிராம்கள் மொத்தமாகக் கேட்டிருக்கும் அளவு. உங்களிடம் இருப்பது 4 ஜி.பி., ஆனால் அந்த எண் 7 ஜி.பி. என்று காட்டினால், மீதி 3 ஜி.பி.க்கு டிஸ்க்கை நம்பித்தான் வண்டி ஓடுகிறது. ரேம் பற்றாக்குறைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மெமரி ஐம்பது, அறுபதில் நிற்கிறது, ஆனால் டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது என்றால் கதை வேறு. குறை ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. அங்கே ரேம் வாங்குவது வீண். அதே பணத்துக்கு ஒரு சிறிய சாட்டா எஸ்.எஸ்.டி. வாங்கி, விண்டோஸை அதற்கு மாற்றினால் மெஷின் திறக்கும் நேரமே மாறிவிடும். பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவருவது எஸ்.எஸ்.டி.தான். 4 ஜி.பி. ரேம், ஹார்ட் டிஸ்க் இரண்டும் சேர்ந்த மெஷினுக்குக் கூடுதல் ரேம், எஸ்.எஸ்.டி. இரண்டுமே தேவை. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், இந்த டாஸ்க் மேனேஜர் சோதனையில் எது முதலில் மூச்சுத் திணறுகிறதோ அதற்குச் செலவிடுங்கள்.

அதே மெமரிப் பக்கத்தில் இன்னும் சில தகவல்கள் இருக்கும். 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற இடத்தில் இரண்டில் ஒன்று என்று இருந்தால் நல்ல செய்தி. இருப்பதை அப்படியே விட்டுவிட்டு இன்னொன்றைச் செருகலாம். 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற இடத்தில் 'டிம்' என்றால் டெஸ்க்டாப் வகை, 'சோடிம்' என்றால் லேப்டாப் வகை. 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் அந்த மெமரி மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டது. அதைக் கழற்ற முடியாது. தனியாக ஒரு ஸ்லாட்டும் இருக்கும் லேப்டாப் என்றால் அதில் கூட்டலாம், இல்லையென்றால் முடியாது. மெல்லிய லேப்டாப்கள் பலவும் இந்த ரகம். 2020-இன் இறுதியில் ஆப்பிள் தன் சொந்த சிப்பைப் போட்டு வெளியிட்ட மேக்புக்குகள் முதல் எதிலும் மெமரியைப் பின்னால் கூட்ட வழியில்லை.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். சில பழைய மெஷின்களில் இன்னும் 32 பிட் விண்டோஸ் இருக்கும். அது 4 ஜி.பி.க்கு மேல் எவ்வளவு போட்டாலும் பயன்படுத்தாது. செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போனால் எத்தனை பிட் என்று எழுதியிருக்கும். 32 என்றால் முதலில் 64 பிட்டுக்கு மாற வேண்டும்.

எந்த ரேம்?

ரேம் தலைமுறைகள் ஒன்றோடொன்று பொருந்தாது. டிடிஆர்3 2007 வாக்கில் சந்தைக்கு வந்தது, டிடிஆர்4 2014-இல். டிடிஆர்5-க்கான தரவரையறை 2020-இல் வெளியானது. ஒவ்வொன்றிலும் நடுவே உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால், தவறானதைச் செருகவே முடியாது. அப்படியும் அழுத்தித் திணித்து ஸ்லாட்டை உடைப்பவர்கள் இருக்கிறார்கள். செருக மறுத்தால் நிறுத்திவிட்டு வெட்டைப் பாருங்கள்.

வாங்கப் போகும் முன் இருக்கும் ரேமைக் கழற்றி, அதன் ஸ்டிக்கரை போனில் படம் எடுத்துக்கொள்வது எல்லாவற்றையும்விட எளிய வழி. முடிந்தால் ரேமையே கையோடு கொண்டுபோங்கள். ஸ்டிக்கரில் பிசி3-12800 என்று இருந்தால் அது 1600 வேக டிடிஆர்3. பிசி4-2400 என்றால் 2400 வேக டிடிஆர்4. எண்ணுக்குப் பின் வரும் எழுத்துகள் முக்கியம். யு என்றால் சாதாரண டெஸ்க்டாப். எஸ் என்றால் லேப்டாப். ஆர் என்றால் சர்வர் ரேம். இந்தக் கடைசி ரகம் பழைய சர்வர்களிலிருந்து கழற்றப்பட்டு மிக மலிவாக விற்பனைக்கு வரும், 16 ஜி.பி. இந்த விலைக்கா என்று வியக்க வைக்கும். வீட்டு மதர்போர்டில் அது இயங்காது.

டிடிஆர்3-இல் இன்னொரு பொறி இருக்கிறது. 'ஏ.எம்.டி.க்கு மட்டும்' என்று சொல்லி விற்கும் மலிவான 8 ஜி.பி. ரேம்கள் இன்டெல் மெஷின்களில் இயங்காது. ஆன்லைன் விளம்பரத்தில் அந்த வார்த்தை எங்கோ மூலையில் இருக்கும். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் முழு விவரத்தையும் படித்துப் பாருங்கள்.

லேப்டாப்காரர்கள் மின்னழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். சாதாரண டிடிஆர்3 1.5 வோல்ட்டில் இயங்குவது, டிடிஆர்3எல் 1.35 வோல்ட். 2013 வாக்கில் வந்த நான்காம் தலைமுறை இன்டெல் லேப்டாப்களும் அதற்குப் பின் வந்தவையும் டிடிஆர்3 வகையாக இருந்தால் எல் ரகத்தைத்தான் கேட்கும். சாதாரண ரகத்தைச் செருகினால் திரை கறுப்பாகவே இருக்கக்கூடும். எல் ரகம் பெரும்பாலும் இரண்டு மின்னழுத்தத்திலும் இயங்கும் என்பதால், குழப்பம் வந்தால் அதையே வாங்குவது நல்லது.

மதர்போர்டுக்கும் உச்ச வரம்பு உண்டு. வீடுகளில் அதிகம் காணப்படும் இன்டெல் எச்61, எச்81 போர்டுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ3, ஐ5 சிப்களுக்கு எச்61. நான்காம் தலைமுறைக்கு எச்81. இரண்டிலும் இரண்டு ஸ்லாட். ஒவ்வொன்றிலும் 8 ஜி.பி. வீதம் மொத்தம் 16 ஜி.பி. வரைதான். இரண்டாம் தலைமுறை ஐ3-இல் 1600 வேக ரேமைப் போட்டாலும் அது 1333 வேகத்தில்தான் ஓடும். ஆகவே அத்தகைய மெஷினுக்கு வேகத்துக்கென்று கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. பொதுவாகவே, இரண்டு ரேமில் எது மெதுவோ அந்த வேகத்துக்கு மற்றதும் இறங்கிவிடும்.

இருப்பதைத் தூக்கி எறியாதீர்கள்

"இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஜோடியா வாங்கணும்" என்று சொல்வார்கள். ஜோடியாக இருப்பது நல்லதுதான். இரண்டு ரேம்களையும் கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் படிக்க முடிவதால் தகவல் பாயும் அளவு இரட்டிப்பாகிறது; இதை டூயல் சேனல் என்கிறார்கள். 2400 வேக டிடிஆர்4 ஒன்று விநாடிக்கு 19.2 ஜி.பி. தரும், இரண்டு சேர்ந்தால் 38.4. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் கேம் ஆடுபவருக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மின்னஞ்சல், யூடியூப், வேர்டு என்று வேலை செய்பவருக்கு அவ்வளவாகத் தெரியாது.

அதனால் பணம் குறைவாக இருப்பவருக்கு அளவுதான் முதலில். ஜோடிப் பொருத்தம் பிறகு. இருக்கும் 4 ஜி.பி.யோடு 8 ஜி.பி. ஒன்றைச் சேர்த்து 12 ஆக்குவதில் தவறில்லை. பெரும்பாலான இன்டெல் மெஷின்கள் இரண்டிலும் உள்ள 4 ஜி.பி.யை ஜோடியாகவும் மிஞ்சிய 4-ஐத் தனியாகவும் பயன்படுத்திக்கொள்ளும். வெவ்வேறு கம்பெனி ரேம்கள் ஒத்துப்போகாமல் போவதும் உண்டு. அதனால்தான் வாங்கும்போதே "சேரலைன்னா மாத்தித் தருவீங்களா?" என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்க வேண்டும்.

எவ்வளவு போதும்? வீட்டு வேலைக்கு இன்று 8 ஜி.பி. அடிப்படை. விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜி.பி. என்று மைக்ரோசாஃப்ட் சொல்வது, இயங்கத் தொடங்குவதற்கான அளவு. நிம்மதியாக வேலை செய்வதற்கானது அல்ல. போட்டோ, வீடியோ எடிட்டிங், புரோகிராமிங் படிக்கும் கல்லூரிப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு 16. வீட்டு உபயோகத்துக்கு 32 தேவையில்லை. அந்தப் பணத்தை எஸ்.எஸ்.டி.க்குக் கொடுங்கள்.

பழைய ரேம் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். ஹார்ட் டிஸ்க்கைப் போலச் சுழலும் பாகம் எதுவும் ரேமில் கிடையாது, எஸ்.எஸ்.டி.யைப் போல எழுத எழுதத் தேய்வதும் இல்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ கொழும்பு யூனிட்டி பிளாசாவிலோ தேடினால் பழைய ஆஃபீஸ் மெஷின்களில் இருந்து கழற்றிய டிடிஆர்3, டிடிஆர்4 ரேம்கள் கிடைக்கும். சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஸ்டிக்கர் ஒட்டியவை என்றால், அவை சிப்பைத் தயாரிக்கும் நிறுவனங்களே செய்தவை. பெயர் தெரியாத பிராண்டின் புது ரேமைவிட இத்தகைய பழைய ரேமையே நான் நம்புவேன்.

ஸ்டிக்கரை மட்டும் நம்ப வேண்டாம். போலி ஸ்டிக்கர்களும் உலவுகின்றன. கடையில் ஒரு மெஷினில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சிபியு-இசட் என்ற இலவசப் புரோகிராமில் எஸ்.பி.டி. என்ற பகுதி, ரேமுக்குள்ளேயே பதிந்திருக்கும் அளவு, வேகம், தயாரித்த நிறுவனம் ஆகியவற்றைக் காட்டும். ஸ்டிக்கர் ஒன்று சொல்லி அது வேறொன்று சொன்னால் வாங்காதீர்கள். தங்க நிறத் தொடுமுனைகளில் கருகல், ஆழமான கீறல், சிப் ஓரத்தில் உடைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

செருகுவது

இந்த வேலைக்கு மெக்கானிக் தேவையில்லை. ஷட் டவுன் செய்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். லேப்டாப்பில் பேட்டரியையும் கழற்ற வேண்டும். உள்ளே இருக்கும் பேட்டரி என்றால் அதன் கனெக்டரைப் பிரிக்க வேண்டும். நம் உடம்பில் இருக்கும் நிலைமின்னூட்டம் சிப்பைக் கெடுத்துவிடக்கூடும் என்பதால், ரேமைத் தொடும் முன் கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள். ரேமை ஓரங்களில் மட்டுமே பிடியுங்கள்.

டெஸ்க்டாப்பில் ஸ்லாட்டின் முனையில் இருக்கும் கிளிப்பை விலக்கி, வெட்டைப் பொருத்திப் பார்த்து, இரண்டு முனைகளிலும் சமமாக அழுத்துங்கள். கிளிப் தானாக வந்து 'டக்' என்று பிடிக்கும். லேப்டாப்பில் சாய்வாகச் செருகி, பிறகு கீழ்நோக்கிப் படுக்க வைத்தால் இரு பக்கக் கொக்கிகளும் பிடித்துக்கொள்ளும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் ஜோடியை எந்த இரண்டில் போடுவது என்பது மதர்போர்டு கையேட்டில் இருக்கும். பெரும்பாலும் ஒன்று விட்டு ஒன்று.

ஆன் செய்தால் திரை வரவில்லை, பீப் சத்தம் மட்டும் வருகிறது என்றால் பதற வேண்டாம். பெரும்பாலும் சரியாக உட்காராததுதான் காரணம். பிளக்கைப் பிடுங்கி, ரேமை எடுத்து, தொடுமுனைகளைச் சுத்தமான வெள்ளை ரப்பரால் மென்மையாகத் தேய்த்துத் துகள்களைத் தட்டிவிட்டு மறுபடியும் செருகுங்கள். சர்வீஸ் கடைகளில் காலங்காலமாகச் செய்யும் இந்த வேலை பல நேரம் பலிக்கும். அப்படியும் வரவில்லை என்றால் பழைய ரேமை எடுத்துவிட்டுப் புதியதை மட்டும் போட்டுப் பாருங்கள்; எது கெட்டது, அல்லது இரண்டும் சேர மறுக்கின்றனவா என்பது தெரிந்துவிடும். டிடிஆர்5 மெஷின்களில் புது ரேம் போட்ட பின் முதல் தடவை திரை வரச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். அது ரேமைப் பழகிக்கொள்ளும் நேரம், அணைத்துவிடாதீர்கள்.

எல்லாம் சரியாக வந்தால் அன்றிரவே மெம்டெஸ்ட்86 என்ற இலவசப் புரோகிராமை ஓட விடுங்கள். அல்லது விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக்கை. ஒரு பிழை காட்டினாலும் ரேமை மாற்றுங்கள். கெட்ட ரேம் சும்மா மெஷினை உறைய வைப்பதோடு நிற்காது. சேமிக்கும் கோப்புகளையும் சத்தமில்லாமல் சிதைத்துவிடும்.

செலவே இல்லாத வழிகள்

மெஷினோடு தானாகத் தொடங்கும் புரோகிராம்களை டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் நிறுத்துவது, குரோமில் மெமரி சேவரை இயக்குவது, தேவையில்லாத எக்ஸ்டென்ஷன்களை நீக்குவது இவை உண்மையிலேயே உதவும். 'ரேம் கிளீனர்', 'ரேம் பூஸ்டர்' என்று வரும் புரோகிராம்கள் உதவாது. அவை மற்ற புரோகிராம்களின் தகவலைப் பேஜ் ஃபைலுக்குத் தள்ளிவிட்டு, ரேம் காலியாகிவிட்டதாக ஒரு எண்ணைக் காட்டும். அடுத்த கிளிக்கில் அத்தனையும் டிஸ்க்கிலிருந்து திரும்பி வர வேண்டும்.

பழைய மெஷினுக்கு எவ்வளவு செலவிடலாம் என்பதையும் யோசிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெல் எட்டாம் தலைமுறை முதல்தான். ஆகவே எச்61, எச்81 மெஷின்களுக்கு அது வராது; அவற்றில் போடும் டிடிஆர்3 ரேம் அடுத்து வாங்கும் புது மெஷினுக்கும் உதவாது. அவற்றுக்குச் செகண்ட் ஹேண்டில் ஒரு ரேம், ஒரு சிறிய எஸ்.எஸ்.டி., விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற அளவோடு நிறுத்துங்கள். தமிழகத்தில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்ப கால லேப்டாப் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தால் அதற்கும் இதே வைத்தியம்தான். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜி.பி.யிலேயே வேலை செய்யும். பிள்ளைகள் தட்டச்சு பழகவும் படிக்கவும் அது தாராளம்.

இப்போது வாங்கலாமா?

உலகின் ரேம் சிப்களில் மிகப் பெரும் பகுதியைத் தயாரிப்பவை சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரியை வாங்கிக் குவிக்கத் தொடங்கியதும், அந்த மூன்றும் தங்கள் உற்பத்தியை அதிக லாபம் தரும் அந்தப் பக்கம் திருப்பின. 2025-இன் பிற்பகுதியில் வீட்டு ரேமின் விலை கடுமையாக ஏறியதற்கு முதன்மையான காரணம் இதுதான். அந்த டிசம்பரில் மைக்ரான், ஏறத்தாழ 30 ஆண்டுகளாக வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு விற்றுவந்த குரூஷியல் பிராண்டிலிருந்து விலகப்போவதாகவே அறிவித்துவிட்டது. அதனால் போன வருடம் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன விலையை மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள்; இரண்டு மூன்று கடைகளில் அன்றைய விலையைக் கேளுங்கள்.

உங்கள் மெஷினில் இருப்பது 4 ஜி.பி., டாஸ்க் மேனேஜரும் பற்றாக்குறை என்கிறது என்றால், விலை இறங்கட்டும் என்று காத்திராமல் பழைய 4 ஜி.பி. ரேம் ஒன்றை வாங்கி 8 ஆக்கிவிடுங்கள். ஏற்கெனவே 8 இருந்து, வேலையும் நடந்துகொண்டிருந்தால், இப்போதைக்கு ரேமுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.